சதுர்த்தசிக்கு இருபத்துநான்கு பூ

குன்னூர்
9-6-1968

அன்புள்ள தயா,

நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தேன். மேட்டுப்பாளையத்தில் ஏறின மலை ரயில் நடக்கிற வேகத்தில்தான் ஊர்ந்தது. குளிரில் பல் கிட்டுகிறது. வெங்காயமும் உருளைக்கிழங்கும் இல்லாமல் சமைக்க இங்கே ஒருத்தருக்கும் தெரியவில்லை. தயிர்ச்சோற்றில் காலம் தள்ளுகிறேன். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டும் விடுகிறேன். போதுமா?

எனக்கு வேலை கொடுத்த துரைசானி அம்மாள் நல்ல மாதிரி. சென்னைப் பூக்காட்சியில் கோப்பை வாங்கின என் சூப்பர் ஸ்டார் ரோஜாவைப் பார்த்ததிலிருந்து, காஞ்சிபுரத்து வெயிலில் இது எப்படி வந்தது என்று கேட்டு மாளவில்லை. ஒரு வருஷத்துக்கு முந்நூறு செடியும் என் கையில். பங்களா முகப்பில் மார்ஷல் நீல் என்று ஒரு கொடி ரோஜா இருக்கிறது. வெளிர் மஞ்சள். பூ தலை கவிழ்ந்துதான் பூக்கும். கீழே நின்று அண்ணாந்தால்தான் முகம் தெரியும். பட்டுக் கடையில் பதினோரு வருஷம் புடவை பிரித்துக் காட்டினவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

நம் வீட்டுச் செடிகள் இனி உன் பொறுப்பு. எல்லா ரோஜாவும் ஒன்று என்று நினைத்துவிடாதே. சூப்பர் ஸ்டாருக்கு ஒரு தண்டில் ஒரே பூதான் இருக்க வேண்டும். பக்க மொட்டு வந்தால் கிள்ளி விடு, நடு மொட்டு பெரிதாகும். பீஸ், மஞ்சளில் ஓரம் மட்டும் ரோஸ், பூ உள்ளங்கை அகலம் வரும். அதனிடம் வாசனை எதிர்பார்க்காதே. அதிகம் வெட்டினால் கோபித்துக்கொண்டு ஒரு பருவம் பூக்காது. கிரிம்சன் குளோரி கறுஞ்சிவப்பு, வாசனை தெருக்கோடி வரை போகும், ஆனால் கழுத்தில் பலம் இல்லை, குச்சி கட்டு. குயீன் எலிசபெத் ஆள் உயரம் வளர்ந்து கொத்தாகப் பூக்கும், அதில் மொட்டுக் கிள்ள வேண்டாம். வேலியோரத்து எட்வர்டைப் பற்றி நீ கவலைப்படவே வேண்டாம், திட்டினாலும் பூக்கும்.

முக்கியமானது ஒன்று. ஒட்டுக்குக் கீழேயிருந்து வாட்டசாட்டமாக ஒரு தளிர் கிளம்பினால் உடனே வெட்டிவிடு. அது அடியிலிருக்கிற காட்டுச் செடியின் தளிர். பார்க்க ஆரோக்கியமாகத்தான் இருக்கும், விட்டால் மேலேயிருக்கிற ஒட்டு ரோஜா பட்டுப்போகும்.

ஆடியில் ஒரு மழை பெய்ததும் ஒவ்வொரு செடிக்கும் வேரைச் சுற்றிக் கொத்தி, பின்கட்டு மூட்டையிலிருக்கும் வெள்ளைத் தூளில் இரண்டு பிடி போடு. எப்போதும் நான் போடுவதுதான், சுண்ணாம்புக் கல்லை அரைத்தது, மண்ணின் புளிப்புக்கு.

உன்
ஜீவகுமார்


காஞ்சிபுரம்
26-6-1968

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரியவருக்கு தயாவதி எழுதியது.

கடிதம் வந்தது. முதல் இரண்டு பத்தி எனக்கு, மீதி எல்லாம் செடிக்கு. பரவாயில்லை, எட்டு வருஷமாகப் பழகிவிட்டது.

செடிகள் சுகம். சூப்பர் ஸ்டாரில் அசுவினிப் பேன் மொய்த்திருந்தது. மருந்து அடிக்கமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். நனைத்த மல் துணியால் மெல்ல ஒற்றி எடுத்து, வேலிக்கு அந்தப் பக்கம் எருக்கஞ்செடியில் கொண்டுபோய் விட்டேன். எதிர்வீட்டுத் தறிக்கார அம்மாள் கிருஷ்ணம்மாள் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, பேனுக்குக் குடி மாத்திக்கினு இருக்கீங்களா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும்தான் சிரித்தேன். மறுநாள் பாதிப் பேன் திரும்பி வந்துவிட்டது.

மொட்டு மட்டும் கிள்ளவில்லை. நீங்கள் திட்டினாலும் சரி. எனக்கு இரண்டு தடவை நடந்தது போதும். என் கையால் ஒரு மொட்டைக் கிள்ளிப் போட எனக்கு மனசு வராது. பூ சின்னதாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், பருத்திக்குன்றத்து ஜினர் கோயிலில் யாரும் கோப்பை தரப்போவதில்லை.

நேற்றைக்கு முந்தின நாள் சதுர்த்தசி. இருபத்துநான்கு பூ கொண்டுபோனேன். ஒரு தீர்த்தங்கரருக்கு ஒன்று, நம் வீட்டிலேயே வளர்ந்தது, ஒரு உயிரையும் நோக விடாமல் வளர்ந்தது. இந்த வேண்டுதலை ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. ஒரு சதுர்த்தசிகூடத் தவறவில்லை. ஒரு குழந்தை, ஒன்றே ஒன்று, அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை. பூசை செய்கிற உபாத்தியாயர், "உன் கை சுத்தமான கையம்மா" என்றார். உங்களிடம் சொல்லிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

ஆடியில் வாருங்கள்.

தயாவதி


காஞ்சிபுரம்
29-8-1968

அன்புள்ளவருக்கு,

நீங்கள் வந்து இருந்த மூன்று நாளும் மூன்று நிமிஷமாகப் போய்விட்டது. அதில் ஒரு நாளை கிரிம்சன் குளோரிக்குக் குச்சி கட்டியே தீர்த்தீர்கள். இருந்தாலும் இந்தத் தடவை நீங்கள் போன பிறகு அழுகை வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

நீங்கள் சொன்னபடி வெள்ளைத் தூள் போட்டேன். கரண்டியில் அள்ளினால் காற்றில் பறக்கிறது என்று கையாலேயே அள்ளி, பிசைந்து, மண்ணோடு கலந்து வைத்தேன். சாயந்திரம் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். பீஸில் ஒரே சமயத்தில் ஒன்பது பூ. உபாத்தியாயரே அதிசயப்பட்டார்.

மூட்டை அடி தட்டிவிட்டது. ஐப்பசியில் கிளை வெட்டிக் கவாத்துச் செய்யும்போது திரும்பப் போட வேண்டும் என்றீர்களே. எந்தக் கடையில் வாங்குவீர்கள்? நானே போய் வாங்கி வைக்கிறேன்.

தயாவதி


குன்னூர்
6-9-1968

அன்புள்ள தயா,

தூள் வாங்க நீ போகாதே. மூட்டை கனம், நீ தூக்க வேண்டாம். கவாத்துக்கு நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். இங்கே ஓயாத மழை, இலையெல்லாம் கரும்புள்ளி விழுகிறது. துரைசானிக்கு என்னைவிட்டால் ஆள் இல்லை. மொட்டுக் கிள்ளாமல் ஒன்பது பூ என்று பெருமைப்படாதே, கிள்ளியிருந்தால் மூன்று பூ, ஒவ்வொன்றும் தட்டு அகலம்.

ஜீவகுமார்


காஞ்சிபுரம்
25-9-1968

ஜீவகுமார் அவர்களுக்கு,

நீங்கள் போக வேண்டாம் என்று எழுதியும் நான் போனேன். உங்கள் வேலையைக் குறைக்கலாம் என்று போனேன். காலி மூட்டையின் ஓரத்தில் கடைச் சீட்டுப் பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு பெரிய காஞ்சிபுரத்தில் உரக்கடை வேலாயுதத்திடம் நேற்றுக் காலை போய் நின்றேன்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நயினார் ஊட்டம்மா, இன்னாம்மா நீங்க வந்து இத்தக் கேக்கறீங்க? இது எலும்புத் தூளாச்சே. மாட்டெலும்பு. நீங்கல்லாம் இத்த தொடலாமாம்மா?" என்றார். நான், இல்லை, சுண்ணாம்புக் கல்தூள் என்றேன். அவர் பாவம், பதறிப்போய்விட்டார். "சார் எப்பவும் அவரேதாம்மா வந்து எடுத்துக்கினு போவாரு. மூணு வருசமா போறாரு. ஊட்ல தெரிய வாணாம் வேலாயுதம்னு ஒவ்வொரு வாட்டியும் சொல்லுவாரு. நான் வேற ஒளறிட்டேனே" என்றார்.

கடையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். நான் எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

குடிக்கிற தண்ணீரைத் துணி கட்டி வடிகட்டுகிறேன். வேரோடு பிடுங்குகிற காய் எதையும் வீட்டில் சேர்த்ததில்லை. அந்தக் கையால்தான் மாட்டெலும்பை அள்ளிப் பிசைந்தேன். அதில் வளர்ந்த பூவை வர்த்தமானர் பாதத்தில் வைத்தேன், மூன்று வருஷம், ஒவ்வொரு சதுர்த்தசியும். நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். பல நாள் குடையைப் பிடித்துக்கொண்டு கோயில் வாசல் வரை கூடவே வந்தீர்கள்.

இதற்கு என்ன பதில்?

தயாவதி


குன்னூர்
1-10-1968

அன்புள்ள தயா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வேலாயுதத்துக்கு வாய் சும்மா இருக்காது.

பதட்டப்படாமல் கேள். எலும்புத் தூளுக்காக யாரும் மாட்டைக் கொல்வதில்லை. செத்த மாட்டின் எலும்பு எங்கோ கிடந்து மக்கப்போகிறது, அதை அரைத்து விற்கிறார்கள். நம் தாமல் ஏரி வண்டலை வயலுக்கு அடிக்கிறோமே, அதில் எத்தனை மீனும் நத்தையும் செத்து மக்கியிருக்கிறது? மண் என்பதே அதுதான். ரோஜாவுக்கு எலும்பு என்றும் தெரியாது, மாடு என்றும் தெரியாது. வேருக்குப் பலம் வேண்டும், தண்டு உறுதியாக நிற்க வேண்டும், அதற்கு இதைப்போல வேறு உரம் இல்லை. எந்தத் தோட்டப் புத்தகத்தை எடுத்தாலும் இதைத்தான் எழுதியிருக்கிறான். ஒட்டு ரோஜா எட்வர்டு மாதிரி இல்லை தயா, போட்டால்தான் பூக்கும்.

உன்னிடம் சொல்லாதது தப்புதான். சொன்னால் நீ வருத்தப்படுவாய் என்றுதான் சொல்லவில்லை. இதைக் கோயிலில் போய்ச் சொல்லிக்கொண்டு இருக்காதே. வீட்டோடு இருக்கட்டும்.

கவாத்து நேரம் நெருங்குகிறது. நான் வர முடியாவிட்டால் சூப்பர் ஸ்டாரை முழங்கால் உயரத்துக்கு வெட்டச் சொல். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேலே, சாய்வாக.

ஜீவகுமார்


காஞ்சிபுரம்
14-10-1968

ஜீவகுமார் அவர்களுக்கு,

கோயிலில் சொல்லிவிட்டேன். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். வந்திருந்தாலும் சொல்லியிருப்பேன். உபாத்தியாயர், "தெரியாமல் செய்தது உன்னை ஒட்டாது அம்மா, ஆனால் இனி பூ வேண்டாம்" என்றார். விரதம் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். இப்போது பெண்கள் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறார்கள். ஒருத்தி தன் புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டாள்.

நான் வருத்தப்படுவேன் என்று மறைத்தீர்களா? அறுபத்தாறில் இரண்டாவது தடவை கலைந்தபோது, வேண்டுதலில் என்ன குறை வைத்தேன் என்று உங்கள் மடியில் படுத்து அழுதேன். நீங்கள் என் தலையைத் தடவிக் கொடுத்தீர்கள். அப்போது பின்கட்டில் மூட்டை இருந்தது. அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அதற்கு எனக்கு வருத்தம் வந்திருந்தால் வந்துவிட்டுப் போகிறது.

மண்ணில் எல்லாம்தான் செத்து மக்குகிறது. எனக்கும் தெரியும், நான் விவசாயி வீட்டில் பிறந்தவள். நான் செடியிடம் கோபப்படவில்லை. செடி என்னிடம் பொய் சொல்லவில்லை.

சுமதிநாதன் அண்ணன் நாளைக்கு வண்டி கொண்டு வருகிறார். கரந்தைக்கு, அம்மா வீட்டுக்குப் போகிறேன். செடிகளைப் பிடுங்கிப் போடவில்லை, பயப்படாதீர்கள். அதுவும் உயிர்தான். தண்ணீர் ஊற்றக் கிருஷ்ணம்மாளிடம் சாவி கொடுத்திருக்கிறேன். முழங்கால் உயரம், சாய்வாக, எல்லாம் அவளிடம் சொல்லியாகிவிட்டது. இப்போது நிம்மதியாக இருங்கள்.

தயாவதி


குன்னூர்
3-11-1968

தயா,

நீ வீட்டைப் பூட்டிக்கொண்டு போனது எனக்குத் தலைகுனிவு. ஒரு உரமூட்டைக்காகப் பெண்டாட்டி பிறந்தகம் போனாள் என்று ஊர் சிரிக்கிறது. துரைசானி அம்மாளே, உனக்கு ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்கிறார். என்ன சொல்வேன்?

நானும் மனுஷன்தான். இவ்வளவு நாள் வாயைத் திறக்கவில்லை, இப்போது கேட்கிறேன். முதல் தடவை கலைந்தது அறுபத்துநாலில். அப்போது நம் வீட்டில் எலும்புத் தூளும் இல்லை, வேண்டுதலும் இல்லை. டாக்டரம்மா உனக்குக் கர்ப்பப்பை பலவீனம் என்று சொன்னதை நீ மறந்துவிட்டாய், நான் மறக்கவில்லை. கோளாறு மண்ணில் இல்லை. அதை என் ரோஜாப் பாத்தியில் தேடாதே.

கிருஷ்ணம்மாள் பீஸை ஒட்ட வெட்டிவிட்டதாக யாரையோ கொண்டு கடிதம் எழுதி அனுப்பியிருக்கிறாள். அது இனி இந்த வருஷம் பூக்காது.

ஜீவகுமார்


கரந்தை
20-11-1968

ஜீவகுமார் அவர்களுக்கு,

கோளாறு எங்கே என்று நீங்கள் எழுதியது வந்து சேர்ந்தது. அம்மா முன்னால் படித்தேன், அதனால் அழவில்லை.

தீபாவளி அன்று, வர்த்தமானர் மோட்சம் போன நாளில், எல்லோரும் பூவோடு நின்றார்கள். நான் வெறுங்கையோடு நின்றேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்களிடம் எதையும் மறைத்தேன் என்று இருக்க வேண்டாம் என்று எழுத வந்தேன். எழுதும்போது கை நின்றுவிட்டது. சரி, இருக்கட்டும்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

தயாவதி


காஞ்சிபுரம்
18-1-1969

தயா,

நீ வேண்டாம் என்றாலும் எழுதுகிறேன். பொங்கலுக்கு வந்தேன். நேற்று விடியற்காலை பஸ்ஸில் கரந்தைக்கு வந்தது உனக்குத் தெரிந்திருக்கும். உன் அண்ணன் வாசற்படியைவிட்டு நகரவில்லை. "தயா ஊர்ல இல்ல மாப்ளே. திருமுக்கூடல் போயிருக்குது, வர நாளாவும்" என்றார். உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை. குடிக்கத் தண்ணீர் மட்டும் வந்தது. எட்டு வருஷத்து மாப்பிள்ளையை வெயிலில் நிற்க வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

கிரிம்சன் குளோரி ஆறு பூ கொண்டுவந்திருந்தேன். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் உங்கள் மாட்டுத்தொழுவத்து வேலியில் செருகிவிட்டு வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான், அதுவும் எலும்புத் தூளில் வளர்ந்த பூதானே என்று உறைத்தது. பைத்தியக்காரன் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

வீட்டைத் திறந்தால் ஒரே தூசி. நவம்பரில் நான் எழுதின கடிதத்தில் டாக்டரம்மாவைப் பற்றி எழுதியிருக்கக் கூடாது. அதற்கு மட்டுமாவது மன்னித்துவிடு.

ஜீவகுமார்


குன்னூர்
20-4-1969

அன்புள்ள தயா,

ஐந்து மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. துரைசானி அம்மாள் பங்களாவை விற்றுவிட்டு இங்கிலாந்து போகிறார். ஜூன் முதல் வாரம் நான் ஊர் திரும்புகிறேன்.

உண்மையைச் சொல்கிறேன். நீ வருத்தப்படுவாய் என்று மறைத்தேன் என்றது பொய். சொன்னால் நிறுத்தச் சொல்வாய். நான் நிறுத்தியிருக்க மாட்டேன். அதுதான் விஷயம். பூக்காட்சியில் என் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்களே, அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் எதையும் மறைத்திருப்பேன். கடையில் புடவை பிரிக்கிறவனை அதுவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இது சமாதானம் இல்லை. கேட்டாய், சொல்கிறேன்.

இங்கே முந்நூறு செடி. போன வாரம் அத்தனையும் பூத்திருந்தது. எனக்கு ஒன்றையும் பார்க்கப் பிடிக்கவில்லை. நம் செடிகளைக் கிருஷ்ணம்மாளுக்கே கொடுத்துவிடுவோம். எட்வர்டைக்கூட எடுத்துக்கொள்ளட்டும். குழந்தை இல்லாவிட்டால் போகிறது தயா. இனி அதைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டேன். நீயும் நானும் போதும். திரும்பி வா.

உன்
ஜீவகுமார்


கரந்தை
19-5-1969

ஜீவகுமார் அவர்களுக்கு,

நான்கு வாரம் கழித்துப் பதில் எழுதுகிறேன். உட்கார்ந்து எழுதத் தெம்பு இல்லாமல் இருந்தது.

ஏப்ரல் இருபத்தேழாம் தேதி எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. நீங்கள் ஆடியில் வந்து மூன்று நாள் இருந்தபோது உண்டானது. வேலாயுதம் கடைக்குப் போன அன்று எனக்கு நாள் தள்ளி மூன்று வாரம் ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு எழுத வேண்டும் என்று காகிதம்கூட எடுத்து வைத்துவிட்டுத்தான் கடைக்குக் கிளம்பினேன். அந்தக் காகிதத்தில்தான் எலும்புத் தூள் கடிதத்தை எழுதினேன்.

கோளாறு மண்ணில் இல்லை என்ற உங்கள் கடிதம் வந்தபோது எனக்கு நான்காம் மாதம். இந்தத் தடவையும் தங்காது என்று பயந்துகொண்டு கட்டிலைவிட்டு இறங்காமல் கிடந்தேன். பொங்கலுக்கு நீங்கள் வந்தபோது நான் திருமுக்கூடல் போகவில்லை. அண்ணனைப் பொய் சொல்ல வைத்தது நான்தான், அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஜன்னல் கதவு இடுக்கில் நின்று உங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நீங்கள் இளைத்திருந்தீர்கள். பூவைச் செருக இடம் தேடினீர்கள். உள்ளே குழந்தை நன்றாகப் புரண்டது. ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். கொடுக்கவில்லை.

வேண்டுதல் கெட்டும் குழந்தை பிறந்ததே, அப்போது நான் சொன்னதுதானே சரி என்று நீங்கள் சொல்லலாம். சொல்லிக்கொள்ளுங்கள். நானும் படுத்தபடி அதைத்தான் யோசித்தேன். எனக்கு விடை தெரியவில்லை. உபாத்தியாயருக்கும் தெரியவில்லை.

ஒன்று மட்டும் தெரிந்துகொண்டேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அழுகிறவள் தலையைத் தடவிக்கொண்டு, இப்படி ஒன்றை மூன்று வருஷம் ஒரு மனுஷன் எப்படி முகத்தில் காட்டாமல் இருக்க முடியும் என்று முதலில் எனக்குப் புரியவே இல்லை. அதை நினைத்துத்தான் தூக்கம் கெட்டது. ஜன்னலில் நின்ற அன்று புரிந்தது. ஒன்றும் கஷ்டம் இல்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நாள் போகப் போகப் பழகியும் விடுகிறது. எட்டு மாதம் நான் அப்படி இருந்தேன், எனக்கு மனசு உறுத்தவில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. நான் இப்படிப்பட்டவள் இல்லை. உங்களோடு இருந்தால் இரண்டு பேரும் இப்படியே பழகிவிடுவோம். குழந்தையும் பார்த்துப் பழகும்.

உங்கள் கடைசிக் கடிதத்தில் உண்மையாக எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குத் தெரிந்தது. அதை அறுபத்தாறில் சொல்லியிருந்தால் உங்களைத் திட்டித் தீர்த்துவிட்டு, மறுநாள் சோறு போட்டிருப்பேன்.

குழந்தைக்குக் குணமாலா என்று பெயர் வைத்தோம். உங்கள் நெற்றி, உங்கள் காது. எடை குறைவுதான், ஆனால் நன்றாகப் பால் குடிக்கிறாள். ஜூனில் வரும்போது வந்து பாருங்கள். அண்ணன் வாசலில் நிறுத்தமாட்டார், சொல்லி வைத்திருக்கிறேன். காலை பஸ்ஸில் வாருங்கள், பகல் சாப்பாடு இங்கேயே சாப்பிடலாம். சாயந்திரம் நாலரைக்குத் திரும்ப ஒரு பஸ் இருக்கிறது.

தயாவதி